பனி மிருகத்துக்கு பெரிய காது வேண்டாம் சார்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயித்துக்கிழமை உங்க சிறுவர் பக்கத்துல, பனிப் பிரதேசத்துல வாழுற ஒரு குட்டி வேட்டை மிருகத்தை நீங்களே கற்பனை பண்ணி வரைஞ்சு அனுப்புங்கன்னு பசங்ககிட்ட கேட்டு, வந்ததுல ஒரு படத்தை கலர்ல போட்டிருந்தீங்க. ரொம்ப நல்ல யோசனை, அதுக்கு முதல்ல நன்றி. வரைஞ்ச குழந்தைக்கு கை அழகா வந்திருக்கு, அந்த கண்ணை மட்டும் நான் ரெண்டு மூணு தடவ எடுத்து பார்த்தேன். ஆனா அந்த மிருகத்துக்கு முயல் மாதிரி பெரிய காது, கொக்கு மாதிரி நீள கால், உடம்பு உள்ளங்கை சைஸ், ரோமம்னு சொல்லிக்க ஒண்ணும் இல்ல, வாயில இருந்து ஐஸா கக்குது. படத்துக்கு கீழ "குளிருக்கு ஏற்ற அருமையான படைப்பு"ன்னு உங்க பக்கத்துல எழுதியிருந்தாங்க. அந்த ஒரு வரிக்காகத்தான் இந்த லெட்டர் எழுதுறேன். குழந்தை மேல ஒரு குறையும் இல்ல, அது பனியே பார்த்திருக்காது. குளிருக்கு ஏத்ததுன்னு பெரியவங்க நாம சர்டிபிகேட் குடுத்துட்டோம் பாருங்க, அங்கதான் எனக்கு மனசு கேக்கல.

நான் ராணுவத்துல டிரைவரா இருந்தவன். லடாக்ல திராஸ் பக்கம் ரெண்டு குளிர்காலம் முழுசா இருந்திருக்கேன். நம்ம ஊர்ல பனின்னா மார்கழி காலைல புல்லு மேல நிக்கற ஈரம், தைப்பனி தரையைத் துளைக்கும் மாசிப்பனி மச்சைத் துளைக்கும்னு பாட்டி சொல்லும், அதையே பெரிய குளிர்னு நினைச்சுதான் நான் ட்ரெயின் ஏறுனேன். அங்க போனா மைனஸ் 20, 25னு போகுது, ராத்திரி டீசல் டேங்க்கை துணியும் கம்பளியும் போட்டு சுத்தணும், புகாரி அடுப்பு அணைஞ்சா பங்கருக்குள்ளயே மூச்சு பொகையா நிக்கும். போன முதல் நாள் எங்களை வரிசையா நிக்க வெச்சு சொன்ன முதல் பாடம் என்ன தெரியுமா சார், காது, மூக்கு நுனி, கை விரல், கால் விரல், இந்த நாலையும் காப்பாத்திக்கோங்க, குளிர் முதல்ல அங்கதான் கடிக்கும். உடம்புல இருந்து வெளிய நீட்டிக்கிட்டு இருக்கற பாகம் எல்லாமே ஹீட்டை வெளிய விடற ஜன்னல். எங்க கூட இருந்த ஒரு பையனுக்கு வலது காது மடல் கருத்துப்போய் ரெண்டு மாசம் ஆஸ்பத்திரில கெடந்தான். அதை நேர்ல பார்த்தவனுக்கு, பனில நிக்கற மிருகத்துக்கு இவ்ளோ பெரிய காதை பார்த்ததும் வயித்த என்னமோ பண்ணிடுச்சு.

இதுக்கு சயின்ஸ்ல பேரே இருக்கு. 1877ல ஆலன்னு ஒரு அமெரிக்க ஆராய்ச்சியாளர் இதை எழுதி வெச்சார், குளிர் ஊர் மிருகத்துக்கு காது, கால், வால் எல்லாம் குட்டையாவும், சூடான ஊர் மிருகத்துக்கு நீளமாவும் இருக்கும்னு. நரிய எடுத்துக்கோங்க. சகாரா பாலைவனத்துல இருக்கற ஃபென்னெக் நரி ஒன்னு ஒன்றரை கிலோதான் இருக்கும், ஆனா காது மட்டும் 15 சென்டிமீட்டர் வரைக்கும் போகும், ஏன்னா அதுக்கு ஹீட்டை வெளிய தள்ளணும். வடதுருவத்து வெள்ளை நரிக்கு காது ரோமத்துக்குள்ள பொதைஞ்சு ரெண்டு பொத்தான் மாதிரி இருக்கும், உள்ளங்காலுக்குக்கூட ரோமம். அது பனி மேல மணிக்கணக்கா நிக்குதே கால் உறையாதான்னு கேட்டா, கால்ல கீழ இறங்கற சூடான ரத்தக்குழாயும் மேல ஏறுற குளிர்ந்த ரத்தக்குழாயும் ஒட்டி ஒட்டி போகுது, இறங்கறது தன் சூட்டை ஏறுறதுக்கு குடுத்துட்டு போகுது, அதனால பாதம் எப்பவும் ஜில்லுன்னு உறையாத அளவுல நிக்குது, உள்ள சூடு உள்ளயே இருக்கு. வாயில இருந்து ஐஸ் கக்கறதும் அப்படித்தான், கேக்க நல்லா இருக்கும், ஆனா குளிர் நாட்டு மிருகம் மூச்சை வெளிய விடறதுலயே கஞ்சம். ரெயின்டீர் மானோட மூக்குக்குள்ள சுருள் சுருளா எலும்பும் தோலும் இருக்கு, வெளிய போற மூச்சுல இருக்கற சூட்டையும் ஈரத்தையும் அங்கயே புடிச்சு வெச்சுக்குது.

சைஸ்தான் எல்லாத்தையும் விட பெரிய பிரச்சனை, உங்க தலைப்புலயே "குட்டி"ன்னு இருக்கறதால இதை கொஞ்சம் விரிவா சொல்றேன். கல்யாண வீட்ல அண்டால வடிச்ச சோறு மதியம் மூணு மணிக்கும் உள்ள ஆவி பறக்கும், அதே சோறை ஒரு கரண்டி எடுத்து இலைல போட்டா பேசி முடிக்கறதுக்குள்ள ஆறிடும். சின்ன பொருளுக்கு உள்ள இருக்கற சரக்கு கம்மி, வெளிய காத்து படற பரப்பு அதிகம். 1847ல பெர்க்மன்னு ஜெர்மன்காரர் ஒருத்தர் சொன்னதும் இதேதான், ஒரே ஜாதி மிருகத்துல குளிர் ஊர்ல இருக்கறது பெருசா இருக்கும்னு. சைபீரியா புலி எவ்ளோ பெருசு, சுமத்ரா புலி எவ்ளோ சின்னது பாருங்க. அப்போ குளிர்ல குட்டியா இருக்கறதே ஒரு கடன். குட்டியா, அதுவும் வேட்டையாடி திங்கற ஒன்ன கற்பனை பண்றோம்னா, அந்த கடனை அது எப்படி தினம் தினம் கட்டுதுங்கற பதில்லதான் மொத்த கற்பனையும் இருக்கு.

இதை நான் புஸ்தகம் படிச்சு மட்டும் சொல்லல. திராஸ்ல ஒரு காலைல, எங்க லங்கர், அதாவது சமையல் கூடம், பின்னாடி ஜெர்ரிகேன் தண்ணி கல்லா உறைஞ்சு கெடந்தது, அதை தட்டிக்கிட்டு இருந்தேன். பத்தடி தள்ளி பனி மேல ஒரு கருப்பு மிளகு தானா நகருது. பூச்சியான்னு பார்த்தா இந்த குளிர்ல ஏது பூச்சி. உத்து பார்த்த பிறகுதான் அந்த மிளகுக்கு முன்னாடி ஒரு ஜாண் நீளத்துக்கு வெள்ளையா ஒரு உடம்பு இருக்கறது தெரிஞ்சுது, பனி கலர்ல பனியாவே இருந்துச்சு. நம்ம கீரிப்பிள்ளைய இழுத்து மெலிசாக்கி வெள்ளை அடிச்ச மாதிரி. ரெண்டு கால்ல எழுந்து நின்னு என்னை பார்த்துச்சு, கண்ணு ரெண்டும் மணத்தக்காளி பழம் மாதிரி. அப்புறம் பொசுக்குன்னு பனிக்குள்ள தலைய விட்டு காணாம போச்சு, நாலடி தள்ளி மேல வந்துச்சு, மறுபடி உள்ள, மறுபடி மேல, என் வீட்டுக்காரி ஜாக்கெட்டுக்கு எம்மிங் போடும்போது ஊசி போற மாதிரியே. மூணாவது தடவ மேல வரும்போது வாயில ஒரு எலி, அதோட தலைய விட பெருசு. தடுமாறாம அதை தூக்கிக்கிட்டு எங்க கல் சுவர் சந்துக்குள்ள போயிடுச்சு. அது பேரு ஸ்டோட்டுன்னு எனக்கு தெரியவே பல வருஷம் ஆச்சு, பென்ஷன் வந்து லைப்ரரி போக ஆரம்பிச்ச பிறகுதான்.

இப்ப என் பேத்தி விஷயத்துக்கு வரேன். ஆறாம் வகுப்பு படிக்கறா. உங்க போட்டிய பார்த்துட்டு தாத்தா நாமளும் ஒன்னு செய்யலாம்னு உக்காந்தா. முதல்ல அவளும் பெரிய பல்லு, பெரிய நகம்னுதான் ஆரம்பிச்சா. நான் ஒரே ஒரு கேள்விதான் கேட்டேன், ராத்திரி மைனஸ் 25ல இது எங்கம்மா தூங்கும்? பென்சில கீழ வெச்சுட்டா. அதுக்கப்புறம் ஒரு வாரம் சாப்பாட்டு நேரம் பூரா இதே பேச்சுதான் எங்க வீட்ல.

குளிருக்குன்னா உருண்டையா இருக்கணும்னு முதல்ல முடிவு பண்ணா, பந்து மாதிரி, காது இல்ல, கால் குட்டை. சரிதான், அப்படி நிஜமாவே ஒரு மிருகம் இருக்கு, பல்லாஸ் பூனைன்னு, 1776ல பல்லாஸ்ங்கற ஆராய்ச்சியாளர் உலகத்துக்கு எழுதி சொன்னது. மங்கோலியால இருந்து நம்ம லடாக் வரைக்கும் இருக்கு, நான் பார்த்ததில்ல. நம்ம வீட்டுப் பூனை எடைதான், மூணு நாலு கிலோ, ஆனா ரோமம் அவ்ளோ அடர்த்தியா இருக்கறதால மெத்தை மாதிரி தெரியும், காது ரெண்டும் தலையோட பக்கவாட்டுல தாழ்ந்து இருக்கும். அது ஓடி வேட்டையாடறதுல கெட்டி இல்ல, பாறை ஓரத்துல படுத்து பதுங்கி காத்திருந்து பைக்கான்னு ஒரு குட்டை காது முயல் இனத்தை புடிக்கும். இதை சொன்னதும் பேத்தி கேட்டா, சரி தாத்தா, எலி வளைக்குள்ள போயிட்டா இந்த பந்து என்ன பண்ணும்? அந்த கேள்விய கேட்டப்போ எனக்கு அப்படி ஒரு சந்தோஷம், சொல்ல தெரியல. பந்து வெளிய உக்காந்துக்கிட்டே இருக்கணும். ஒல்லியா இருந்தாத்தான் உள்ள போக முடியும். ஒல்லியா இருந்தா சூடு போயிடும். உருண்டையா இருந்தா பட்டினி. இந்த இழுபறிதான் சார் விஷயம்.

இயற்கை இதுல எதை தேர்ந்தெடுத்திருக்குன்னா, ஸ்டோட்டும் அதோட தம்பி மாதிரி இருக்கற லீஸ்ட் வீசலும் ஒல்லிதான். லீஸ்ட் வீசல்தான் உலகத்துல மாமிசப் பட்சிணி வரிசைலயே சின்னது, வட அமெரிக்கால இருக்கறது 40, 50 கிராம்தான், சுமார் பத்து டீஸ்பூன் சர்க்கரை எடை. 1972ல ரெண்டு அமெரிக்க ஆராய்ச்சியாளருங்க இந்த வீசல் ஜாதிய குளிர்ல வெச்சு அளந்து பார்த்தாங்க, அதே எடையில கொழுகொழுன்னு இருக்கற மிருகத்தை விட இது ஒன்றரை மடங்குல இருந்து ரெண்டு மடங்கு வரைக்கும் சக்திய எரிக்குது. ஒல்லியா இருக்கறதுக்கு அது குடுக்கற வாடகை அது. அதனால தினமும் தன் எடையில மூணுல ஒரு பங்குக்கு மேலயே தின்னாகணும், தூக்கம் போட்டு குளிர்காலத்தை கழிக்கற வழியும் அதுக்கு இல்ல. நம்ம பேத்தி உடனே கணக்கு நோட்டை எடுத்துட்டா. எங்க மிருகம் 60 கிராம்னு வெச்சுக்கிட்டோம், தினம் 30 கிராம் கறி, அங்க வோல்னு குட்டை வால் எலி ஒன்னு சுமாரா அந்த எடை, நவம்பர்ல இருந்து மார்ச் வரைக்கும் 150 நாள், ஆக ஒரு குளிர்காலத்துக்கு 150 எலி. எழுதி முடிச்சுட்டு நோட்டையே பார்த்துக்கிட்டு இருந்தா. அந்த 150 எலி என்ன தாத்தா திங்கும், பனிக்கு கீழ புல்லு இருக்குமான்னு அடுத்த கேள்வி. அப்படியே எலிக்கு புல்லு, புல்லுக்கு சரிவு, சரிவுக்கு வெயில் எந்தப் பக்கம்னு படத்துல ஒரு மலையே வந்துடுச்சு.

பனிக்கு கீழ என்ன இருக்குங்கறதுதான் நம்ம பசங்களுக்கு யாரும் சொல்லாத விஷயம். பனி நம்ம மேல விழுந்தா குளிரு, ஆனா தரை மேல ரெண்டு மூணடி விழுந்து நின்னா அது கம்பளி. மேல காத்து மைனஸ் 30ல இருக்கும்போது கீழ தரைய ஒட்டி ஏறக்குறைய ஜீரோலயே நிக்கும், பூமியோட சூடு மேல போகாம அடைஞ்சு கெடக்கும். அந்த லேசான சூட்டுல அடிப்பனி ஆவியாகி மேல போய், கீழ கல் சீனி மாதிரி பொலபொலன்னு ஒரு அடுக்கு நிக்கும், அதுக்குள்ள எலிங்க சுரங்கம் சுரங்கமா ரோடு போட்டு குடும்பம் நடத்தும். நாங்க பங்கர் வாசல்ல பனி வெட்டும்போது அந்த அடுக்கை கைல அள்ளியிருக்கேன், மேல இருக்கற பனி கட்டியா வரும், அது மட்டும் விரல் இடுக்குல வழிஞ்சு போயிடும். அந்த ரோட்டுல ஓடத்தான் வீசலுக்கு அந்த மெலிசு உடம்பு. எலியை புடிச்சு தின்னுட்டு அதோட வளையிலயே படுத்துக்கும், அதோட ரோமத்தை புடுங்கி படுக்கைக்கு மெத்தை போட்டுக்கும். மிச்சம் இருந்தா ஒரு மூலைல சேத்து வைக்கும், குளிர்ல கெட்டுப்போகாது. தன் ரோமம் மெலிசு, வளைக்குள்ள நுழையணுமே, அதனால இரவல் ரோமம். இதை கேட்டதும் பேத்தி முகத்தை சுளிச்சா, ரெண்டு நிமிஷம் கழிச்சு அவளே படத்துல அந்த படுக்கைய வரைஞ்சா.

பேரு அவதான் வெச்சா, வெள்ளூசின்னு. நான் அந்த எம்மிங் கதைய சொன்னேன்ல, அதுல இருந்து.

இன்னொரு விஷயம் அவ நம்பவே இல்ல. ஷ்ரூன்னு மூஞ்சூறு மாதிரி ஒரு குட்டி பிராணி, 10 கிராம் சுமார், ஐரோப்பா குளிர்ல அது தன்னோட மண்டை ஓட்டையே சுருக்கிக்குது. 1949ல டெஹ்னல்னு போலந்து ஆராய்ச்சியாளர் கண்டுபிடிச்சது. குளிர்காலத்துல மண்டை உயரம் 15, 20 சதவீதம் வரைக்கும் கொறையுது, மூளையும் சின்னதாகுது, வசந்தத்துல மறுபடி வளருது, ஏன்னா மூளையை ஓட்டறதுக்கு தீனி அதிகம் வேணும், தீனி இல்லாத மாசத்துல அந்த செலவை கொறைச்சுக்குது. ஐஸ் கக்கற மிருகத்தை விட இது பெரிய அதிசயம் இல்லையா சார், அதுவும் நிஜத்துல. கடைசில வெள்ளூசிக்கும் அதை குடுத்துட்டோம், மார்கழி மாசத்து வெள்ளூசி தலை சின்னது, சித்திரை மாசத்து வெள்ளூசி தலை பெருசுன்னு ரெண்டு படமா போட்டிருக்கா.

குட்டி போடறதும் யோசிக்க வேண்டியிருந்தது. தப்பான மாசத்துல குட்டி போட்டா தாய்க்கு பால் ஊறாது. ஸ்டோட்டு என்ன பண்ணுதுன்னா கோடைல சேர்ந்துட்டு, கருவை வயித்துக்குள்ள வளரவிடாம பல மாசம் அப்படியே நிறுத்தி வெச்சுக்கும், குளிர் முடியற சமயத்துல வளர ஆரம்பிச்சு ஏப்ரல் மே வாக்குல குட்டி வரும், அப்பதான் எலிங்களும் பெருகும். பேத்திகிட்ட இதை எப்படி சொல்றதுன்னு எனக்கு கொஞ்சம் தயக்கம், அவ அம்மாதான் விதைநெல்லு கணக்குல சொல்லிட்டா, வீட்ல இருக்கு, ஈரம் பட்டாத்தான் முளைக்கும்னு. அவளுக்கு புரிஞ்சுடுச்சு.

ஸ்டோட்டுக்கு வால் நுனி மட்டும் கருப்பு எதுக்குன்னு அவளே கேட்டா, முழுசா வெள்ளையா இருந்தா இன்னும் நல்லா ஒளியலாமேன்னு. அதுக்கு 1982ல பவல்னு ஒரு அமெரிக்க ஆராய்ச்சியாளர் பழக்கின பருந்துங்களை வெச்சு சோதனை பண்ணியிருக்கார், வெள்ளை பொம்மை வீசலை இழுத்து விட்டு. வால்ல கருப்பு நுனி இருந்தா பருந்து கண்ணு அங்க போயி, உடம்பை விட்டுட்டு வாலை குறி வெச்சு தப்பு பண்ணிடுது. ஆனா சின்ன சைஸ் பொம்மைக்கு அது உதவல, வால் குட்டைங்கறதால கருப்பை குறி வெச்சாலும் உடம்பு மாட்டிடுது, அதனாலதான் லீஸ்ட் வீசலுக்கு கருப்பு நுனி கெடையாது. நான் அன்னைக்கு முதல்ல பார்த்தது அந்த மிளகைத்தானே, பருந்து மாதிரியே நானும் வாலைத்தான் பார்த்திருக்கேன்.

ஆசிரியர்கிட்ட நான் கேக்கறது ஒன்னே ஒன்னுதான். அடுத்த தடவ இந்த மாதிரி போட்டி வெச்சா படத்தோட ரெண்டு வரி சேத்து எழுத சொல்லுங்க, இது ராத்திரி எங்க தூங்குது, நாளைக்கு என்ன திங்குதுன்னு. கலர் நல்லா இருக்கறதை மட்டும் பார்த்து தேர்ந்தெடுக்காம, அந்த ரெண்டு வரிக்கும் இடம் குடுங்க. கற்பனைக்கு இது கடிவாளம்னு யாராவது சொல்லுவாங்க, எனக்கு அப்படி தோணல, என் பேத்தி அந்த முதல் கேள்விக்கு அப்புறம் வரைஞ்ச அளவு அதுக்கு முன்னாடி எப்பவும் வரைஞ்சதில்ல. பனியையே பார்க்காத நம்ம ஊர் பசங்களுக்கு குளிருன்னா என்னன்னு புரிய வைக்க அண்டா சோறும் கரண்டி சோறுமே போதும். அந்த படம் வரைஞ்ச குழந்தைக்கும் உங்க மூலமா இதை யாராவது அன்பா சொல்லி, அதே கண்ணோட, குட்டி காது வெச்சு இன்னொன்னு வரைய சொன்னீங்கன்னா நான் ரொம்ப சந்தோஷப்படுவேன்.

பேத்தி வரைஞ்ச வெள்ளூசி படத்தை இந்த லெட்டரோட வெச்சிருக்கேன். போட்டாலும் சரி, போடலன்னாலும் சரி. ஒரு விஷயம் மட்டும் அதுல முடியல, அதை சொல்லிடறேன், இல்லன்னா அவசரத்துல விட்டுட்டான்னு நினைப்பீங்க. ஸ்டோட்டு, வீசல் எல்லாம் ரோமம் மாத்தறது முக்கியமா பகல் நேரம் கொறையறதை வெச்சு, பனி விழுந்துச்சா இல்லையான்னு பார்த்து மாத்தறது இல்ல. இப்போ உலகம் சூடாகி பல ஊர்ல பனி லேட்டா விழுது, சீக்கிரம் கரையுது, போலந்து காட்டுல வெள்ளை வீசலுங்க பழுப்பு தரைல பளிச்சுன்னு மாட்டிக்குதுன்னு ஆராய்ச்சில எழுதியிருக்காங்க. அப்போ நம்ம வெள்ளூசி என்ன தாத்தா பண்ணும்னு கேட்டா, பாதி பாதியா விடலாமா, பழுப்பாவே விடலாமான்னு ரெண்டு நாளா யோசிக்கறா. அதனாலதான் முதுகுல இருந்து வால் வரைக்கும் கலர் அடிக்காம பென்சில்லயே இருக்கு.

இப்படிக்கு
ஒரு முன்னாள் படைவீரர்,
குடியாத்தம்.